துறந்தவர்களா, துறக்கப்பட்டவர்களா?

வருடா வருடம் நாடாளுமன்றத்தில் யாராவது ஓர் உறுப்பினர் இந்தக் கேள்வியைக் கேட்பார். வெளியுறவுத் துறை ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்லும். மறுநாள் பேப்பரில் தலைப்பு வரும்: இத்தனை லட்சம் பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தார்கள்! 2022-இல் 2,25,620 பேர். 2023-இல் 2,16,219 பேர். 2024-இல் 2,06,378 பேர். 2011-லிருந்து கூட்டிப் பார்த்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அவ்வளவுதான். டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை ஒரே வசவு. இந்த நாட்டுக் காசில் படித்தார்கள், அந்த நாட்டுக்குப் போய்ச் செட்டில் ஆனார்கள், கடைசியில் பெற்ற தாயையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று.

ஒரு நிமிஷம். துறந்தார்கள் என்றால் என்ன? பட்டினத்தார் சொத்தைத் துறந்தார். சித்தார்த்தன் அரண்மனையைத் துறந்தான். கையில் இருப்பதை, தெரிந்தே, தானாகவே, வேண்டாம் என்று விடுவதற்குப் பெயர்தான் துறவு. இந்த 20 லட்சம் பேரில் எத்தனை பேர் அப்படி விட்டார்கள்?

1955-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 8-ஆவது பிரிவு, எனக்கு இந்தியக் குடியுரிமை வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்து விடுவதைப் பற்றியது. இது துறவு. 9-ஆவது பிரிவு வேறு. ஓர் இந்தியர் தானாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்த நொடியே அவர் இந்தியக் குடிமகன் இல்லை என்கிறது. அவர் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அவரிடம் யாரும் எதையும் கேட்கவும் மாட்டார்கள். டொராண்டோவிலோ சிட்னியிலோ ஒரு ஹாலில் நின்று அவர் உறுதிமொழி எடுத்து முடிக்கும்போது, இங்கே அவர் பெயர் தானாகவே அடிக்கப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குவதெல்லாம் நடந்து முடிந்த சாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்குகிற மாதிரிதான்.

ஆக, பெரும்பாலானவர்கள் துறக்கவில்லை. சட்டம்தான் அவர்களைத் துறந்தது. செய்ததையும் செய்துவிட்டுப் பழியைப் போனவர்கள் தலையில் போடுவது என்ன நியாயம்?

அண்ணன் துபாயில், தம்பி டொராண்டோவில்

ஓர் உதாரணம். திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடம் ஊரை விட்டுக் கிளம்புகிறார்கள். அண்ணன் துபாய்க்கு, தம்பி கனடாவுக்கு. இரண்டு பேரும் மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் பொங்கலுக்கு வரப் பார்க்கிறார்கள், லீவு கிடைக்காமல் சித்திரையில் வருகிறார்கள். குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு பேரும் சமமாகவே வரி கொடுக்கிறார்கள்.

துபாய் அண்ணன் 30 வருடம் அங்கே இருந்தாலும் இந்தியர்தான். காரணம் அவருடைய தேசபக்தி இல்லை. வளைகுடா நாடுகள் வேலைக்கு வந்தவருக்கு லேசில் குடியுரிமை தருவதே இல்லை. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை அட்டை வாங்கியவர் ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தம்பி விண்ணப்பித்தார், கிடைத்தது. அதனால் அவர் இந்தியர் இல்லை.

இரண்டு பேருக்கும் ஊர் மேல் உள்ள பாசத்தில் குண்டுமணி அளவுகூட வித்தியாசம் இல்லை. ஒரு நாடு கதவைத் திறந்தது, இன்னொரு நாடு திறக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் யார் இந்தியர் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? டெல்லியா? இல்லை. ஒட்டாவாவும் அபுதாபியும்தான் முடிவு செய்கின்றன! தேசத்தின் இறையாண்மை, கண்ணியம் என்றெல்லாம் பேசி ஒற்றைக் குடியுரிமைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும். தன் குடிமகன் யார் என்று சொல்லும் அதிகாரத்தை அடுத்த நாட்டுச் சட்டத்திடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எந்த ஊர் இறையாண்மை?

அவ்வளவு பாசம் இருந்தால் அந்தக் குடியுரிமையை வாங்காமலே இருக்க வேண்டியதுதானே என்று உடனே கேட்பார்கள். கேட்பது சுலபம். அமெரிக்காவில் க்ரீன் கார்டு வைத்திருப்பவர் தன் தாய் தகப்பனை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போட முடியாது. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன்தான் போட முடியும். அப்பா போய்விட்டார், அம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள ஒரு மகனுக்கு இருக்கும் வழி, அந்த ஊர்க் குடியுரிமை. அதை வாங்கினால் அம்மாவின் நாடு அவரைத் தள்ளி வைக்கும். தாய்க்காகத் தாய்நாட்டை இழக்க வேண்டும் என்பது சினிமாவில் வந்தால் கைதட்டுவார்கள். நிஜத்தில் வந்தால் துரோகி என்கிறார்கள்.

வரி கட்டுகிற ஊரில் ஓட்டுப் போட வேண்டும், நீண்ட நாள் வெளியே தங்கினால் க்ரீன் கார்டு போய்விடுமே என்ற பயம் இல்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கும் நாட்டில் தானும் முழு மனிதனாக இருக்க வேண்டும் என்று நினைப்பது துரோகம் இல்லை. வாழ்கிற ஊருக்குச் செய்யும் மரியாதை அது.

சிதம்பரத்துக்காரரின் கணக்கு

வெங்கி ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அன்று தமிழ்நாடே தலைகால் புரியாமல் கொண்டாடியது. 2010-இல் மத்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது. 2012-இல் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது.

அவர் அமெரிக்கக் குடிமகன். பிறகு பிரிட்டிஷ் குடிமகனாகவும் ஆனார். அப்போது அமெரிக்கா கோபித்துக்கொண்டு வெளியே போ என்று சொல்லவில்லை. முதலில் எங்களை விட்டுவிட்டு வா என்று பிரிட்டனும் சொல்லவில்லை. படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் போன இரண்டு நாடுகளும் அவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன. பிறந்த நாடு ஒன்றுதான் முடியாது என்கிறது. அவர் இந்தியக் குடியுரிமையைக் கேட்டாரா என்பது வேறு விஷயம். கேட்டாலும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்பதுதான் இங்கே விஷயம். விருது கொடுக்கும்போது நம்மவர், குடியுரிமை என்று வந்தால் அந்நியர். இது எந்த வகைக் கணக்கு?

அமெரிக்க உறுதிமொழியில் வேறு எந்த நாட்டுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்லத்தானே வேண்டும், பொய்ச் சத்தியமா செய்வது என்று சிலர் மடக்குவார்கள். அந்த வாசகம் இருப்பது உண்மை. ஆனால் அந்த வாசகத்தை எழுதி வைத்திருக்கிற அமெரிக்காவே, அதைச் சொல்லி முடித்தவர் தன் பழைய நாட்டின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதை நடைமுறையில் ஏற்றுக்கொள்கிறது. தன் குடிமகன் ஒருவரின் குடியுரிமையை அவர் சம்மதம் இல்லாமல் அரசு பறிக்க முடியாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டன் 1948 சட்டத்திலிருந்து அனுமதிக்கிறது. கனடா 1977-லிருந்து. ஆஸ்திரேலியா 2002-லிருந்து. பிலிப்பைன்ஸ், இந்தியாவைப் போலவே ஆட்களை உலகமெல்லாம் அனுப்பும் நாடு, 2003-இல் சட்டம் போட்டுப் போனவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. குடியுரிமை விஷயத்தில் ரொம்பக் கறாரான ஜெர்மனிகூட 2024 ஜூனில் இறங்கி வந்துவிட்டது.

இதில் எந்த நாடும் உடைந்து போகவில்லை.

புதுச்சேரியில் ஒரு தெரு

இரட்டைக் குடியுரிமை என்றால் என்னவோ அமெரிக்கா, கனடா சமாச்சாரம் என்று நினைத்தால் புதுச்சேரிக்கு ஒரு நடை போய்வர வேண்டும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள், வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம் என்றது ஒப்பந்தம். இது அல்லது அது. இரண்டும் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அதன் விளைவு இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியும். ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே மாரியம்மன் கோயில். ஒரு வீட்டில் புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டு. பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு ஓட்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அதற்கு வாக்குச்சாவடியே போடுகிறார்கள். தன் தெருவில் சாக்கடை அடைத்தால் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்ல அந்த இரண்டாவது வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. ஆனால் பாரிஸ் அரண்மனையில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல உரிமை உண்டு! பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கும் நாடு. தடை முழுக்க இந்தப் பக்கத்தில்தான். பிறந்து வளர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கும் மண்ணிலேயே ஒருவரை அந்நியராக வைத்திருப்பதில் இந்தியாவுக்கு என்ன லாபம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அட்டை போதாதா?

அதான் ஓ.சி.ஐ. கொடுத்திருக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும் என்பது அடுத்த வாதம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலையே இங்கேதான் இருக்கிறது.

2002-இல் எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு இரட்டைக் குடியுரிமை தரலாம் என்று பரிந்துரைத்தது. 2003 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் வெளிநாடு வாழ் இந்தியர் தின விழாவில் பிரதமர் வாஜ்பாய் இரட்டைக் குடியுரிமை வரப்போகிறது என்று அறிவித்தார். கைதட்டல் விண்ணைப் பிளந்தது. கடைசியில் வந்தது என்ன? கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்று ஒரு பெயர். 2006 ஜனவரியில் ஹைதராபாத் விழாவில் பிரதமர் மன்மோகன் சிங் முதல் அட்டைகளைக் கொடுத்தார். பெயரில் மட்டும்தான் குடிமகன். ஓட்டு இல்லை, அரசு வேலையில் சம வாய்ப்பு இல்லை, இந்திய பாஸ்போர்ட் இல்லை. 2015-இல் அந்தப் பெயர்கூடப் பொறுக்கவில்லை. சட்டத்தைத் திருத்தி, கடல்கடந்த குடிமகன் என்ற இடத்திலெல்லாம் அட்டைதாரர் என்று சேர்த்துவிட்டார்கள். குடிமகன் போய் ரேஷன் கடை மாதிரி அட்டைதாரர் ஆகிவிட்டார்.

அட்டையில் சலுகைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆயுளுக்கும் விசா. சார்ட்டர்டு அக்கவுண்டண்ட், டாக்டர், வக்கீல் தொழில் செய்யலாம். மாமல்லபுரம் கோயில்களை இந்தியர் கட்டணத்திலேயே பார்க்கலாம். நல்லது. ஆனால் 2021 மார்ச் 4-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. அட்டைதாரர் பத்திரிகைத் தொழில் செய்ய, ஆராய்ச்சி செய்ய, மலையேற, தனி அனுமதி வாங்க வேண்டும். மருத்துவம் மாதிரி படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு எழுதினால் என்.ஆர்.ஐ. இடங்கள் மட்டும்தான். இங்கேயே வளர்ந்து பொது இடங்களை நம்பிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரே ராத்திரியில் கதவு மூடியது. 2023-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இந்த அறிவிப்பு வருவதற்கு முன்னால் அட்டை பெற்றவர்களை இது பாதிக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது. 2019 திருத்தத்தின்படி, அரசு பட்டியலிடும் எந்தச் சட்டத்தை மீறினாலும் அட்டையை ரத்து செய்யலாம்.

உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சலுகையைக் கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் 2020-ஐ நினைத்துப் பார்க்கலாம். மார்ச் 11 அன்று ஓர் உத்தரவு. மார்ச் 13 முதல் ஓ.சி.ஐ. அட்டைக்கு உரிய விசா இல்லாப் பயணம் நிறுத்தம். ஆயுள் விசாவின் ஆயுள் இரண்டு நாளில் முடிந்தது. கொரோனாக் காலம், விமானமே இல்லை, இந்தியக் குடிமக்களும்தான் தவித்தார்கள் என்பது சரி. ஆனால் மே 7-ஆம் தேதி வந்தே பாரத் விமானங்கள் கிளம்பியபோது நடந்ததுதான் கொடுமை. வேலை போய், விசா முடிந்து, ஊருக்குத் திரும்ப வந்த பெற்றோரிடம் இந்திய பாஸ்போர்ட். அமெரிக்காவில் பிறந்த கைக்குழந்தையிடம் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும். பெற்றோர் ஏறலாம், குழந்தை ஏறக்கூடாது! கூச்சல் கிளம்பிய பிறகு மே 22 அன்று சில வகையினருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். குடும்பத்தில் சாவு மாதிரி அவசரம் என்றால் வரலாம் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி. அந்த வரி வருவதற்குமுன், அந்த இரண்டு மாதத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்த அட்டைதாரர்கள்?

குடிமகனுக்கும் அட்டைதாரருக்கும் சாதாரண நாளில் வித்தியாசம் தெரியாது. கெட்ட நாளில்தான் தெரியும். குடியுரிமை என்பதே கெட்ட நாளுக்காக இருக்கிற ஒன்றுதான்.

இதைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1948-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டது. மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த லட்சக்கணக்கான தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பாகம் பிரித்தார்கள். குடியுரிமை வெறும் காகிதம்தானே, மனசில் இந்தியன் என்று இருந்தால் போதாதா என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் அந்தக் குடும்பங்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

பயங்கள்

முதல் பயம், விசுவாசம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவன் எதற்கும் உதவ மாட்டான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன பெண் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டும் என்று இன்று எந்த வீட்டிலாவது சொன்னால் யாராவது கேட்பார்களா? பிறந்த வீட்டுச் சொத்திலும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் போட்டாயிற்று. பெண்ணுக்கு இரண்டு வீடு இருக்கலாம் என்று புரிகிறது. குடிமகனுக்கு இரண்டு நாடு இருக்கலாம் என்பது மட்டும் புரியாதா?

இரண்டாவது பயம், பாதுகாப்பு. தீவிரவாதி நுழைந்துவிடுவான் என்பது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி இந்தியக் குடியுரிமையோடா வந்தான்? அமெரிக்க பாஸ்போர்ட்டில் சாதாரண விசா வாங்கிக்கொண்டு பலமுறை வந்து போனவன் அவன். தடுக்க வேண்டியது விசா கொடுக்கிற இடத்தில், உளவு பார்க்கிற இடத்தில். ஓ.சி.ஐ.யே பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்குக் கிடையாது என்றுதான் சட்டம் இருக்கிறது. அதே மாதிரி எந்தெந்த நாடுகளோடு அனுமதி என்று பட்டியல் போடட்டும். பாகிஸ்தானே குறிப்பிட்ட சில நாடுகளோடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது!

மூன்றாவது பயம், மோசடிக்காரர்கள் தப்பி ஓடிவிடுவார்கள். இது நல்ல தமாஷ். பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மெஹுல் சோக்சி 2017-இல் ஆன்டிகுவா குடியுரிமை வாங்கினார், 2018 ஜனவரியில் நாட்டை விட்டுப் போனார். ஒற்றைக் குடியுரிமைச் சட்டம் அவரைத் தடுத்ததா? இல்லை. அதைவிட, நான் இப்போது இந்தியனே இல்லை என்று அவர் தரப்பு வாதாடுவதற்கு அந்தச் சட்டம்தான் கைகொடுத்தது. இரட்டைக் குடியுரிமை இருந்திருந்தால், எந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்கினாலும் நீ இந்தியனும்தான், வந்து பதில் சொல் என்று சொல்லியிருக்கலாம்.

நான்காவது பயம், ஓட்டு. இங்கே வாழாதவன் இங்கே யார் ஆள வேண்டும் என்று சொல்லலாமா? இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. பதிலும் நம் சட்டத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் 2011-லிருந்து வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். இரட்டைக் குடிமகனுக்கு, இங்கே வந்து வாழ்ந்தால்தான் ஓட்டு என்று இன்னும் கறாராக வைக்கட்டும். எம்.பி., எம்.எல்.ஏ., அமைச்சர் ஆக வேண்டுமானால் இன்னொன்றை விட்டுவிட்டு வா என்று சொல்லட்டும். ஆஸ்திரேலியா அப்படித்தான் செய்கிறது. 2017-இல் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸே தன் அப்பா வழியில் நியூசிலாந்துக் குடிமகன் என்று தெரிந்து பதவி இழந்தார், அதை விட்டுவிட்டு இடைத்தேர்தலில் நின்று திரும்ப வந்தார். இலங்கை விண்ணப்பம் வாங்கி, கட்டணம் வாங்கி இரட்டைக் குடியுரிமை தருகிறது. நாடாளுமன்றத்துக்கு மட்டும் 2022-இல் 21-ஆவது திருத்தத்தின் மூலம் தடை போட்டுவிட்டது. நாற்காலிக்குத் தடை போடுவது வேறு, வீட்டு வாசலுக்கே தடை போடுவது வேறு.

கணக்குப் பாடம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். வருமான வரி பெரும்பாலும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால், அமெரிக்கரோ ஆப்பிரிக்கரோ, வரி விஷயத்தில் இந்தியாவில் வசிப்பவர். துபாய் அண்ணன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அங்கே சம்பாதிக்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டமும் பெரும்பாலும் எங்கே வசிக்கிறாய் என்றுதான் கேட்கிறது. ஓ.சி.ஐ.காரர் விவசாய நிலம் வாங்க முடியாது என்று புலம்புவார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனாலும்தான் வாங்க முடியாது!

அதாவது பணம், வரி, நிலம் என்று அரசுக்கு அக்கறை உள்ள எல்லாவற்றையும் வசிப்பிடத்தை வைத்தே ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. குடியுரிமையை வெட்டுவதால் கஜானாவுக்கு ஒரு பைசா கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வரவே இல்லாத செலவு இது. வரவு இருந்தால்தான் சரியா, தப்பா என்று வாதாடலாம். இங்கே ஒரு பக்கம் முழுக்கக் காலி.

இந்தியர்கள் வெளியிலிருந்து அனுப்பும் பணம் 2024-இல் சுமார் 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் கணக்கு. உலகத்திலேயே முதலிடம். அதைக் காட்டி, பணம் அனுப்புகிறார்களே, குடியுரிமை கொடுங்கள் என்று கேட்பது தப்பு. குடியுரிமை விலைக்கு விற்கிற பண்டம் இல்லை. கூலிக்குப் போய்ச் சல்லிக்காசு அனுப்ப முடியாதவரும், கோடி அனுப்புகிறவரும் இதில் ஒன்றுதான். பிறந்ததால் வந்த உரிமை அது.

அரசியலமைப்பையே மாற்ற வேண்டுமே என்று கடைசியாக ஒரு சாக்குச் சொல்வார்கள். அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு, அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களைப் பற்றியது. பிரிவினை ரத்தம் காயாத காலத்தில், யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று தீர்க்க எழுதியது. அதற்குப் பின்னால் வருகிறவர்கள் கதையை 11-ஆவது பிரிவு நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. நாடாளுமன்றம் 1955-இல் போட்ட சட்டத்தை நாடாளுமன்றமே மாற்றலாம். அந்தச் சட்டத்தை 2003, 2005, 2015, 2019 என்று எத்தனையோ தடவை திருத்தியவர்களுக்கு இன்னொரு தடவை திருத்துவது கஷ்டமா?

செய்ய வேண்டியது சின்ன வேலை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும் என்ற 9-ஆவது பிரிவின் வரியை எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்கிறவர்களுக்கு 8-ஆவது பிரிவு இருக்கவே இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். வேண்டும் என்கிறவர்களுக்கு நாடுகளின் பட்டியல், பதிவு, ஓட்டுக்கு வசிப்பிட நிபந்தனை, பதவிக்குத் தடை என்று எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடட்டும். ஆனால் திரும்பி வரும் உரிமைக்கு மட்டும் பூட்டு வேண்டாம்.

அப்போது அடுத்த வருடமும் யாராவது நாடாளுமன்றத்தில் அதே கேள்வியைக் கேட்பார். வெளியுறவுத் துறை ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும். துறந்தவர்கள் எத்தனை பேர் என்ற உண்மைக் கணக்கும் அன்றைக்குத்தான் கிடைக்கும்.